வாடைக்கு ஒரு வழி, சோளகத்துக்கு ஒரு வழி

மலையில்லாத நாட்டிலே ஏற்றம் ஏது, இறக்கம் ஏது என்று வினவுவார் உளர். மேனாடுகளில் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் அடர்ந்த காடுகளையும் காப்பிடங்களாக்கி, அவற்றினூடே துவிச்சக்கர வண்டி செலுத்துவோர்க்கென்றே வழிகள் வகுத்திருக்கின்றனர். எந்த வளைவு எத்துணைச் செங்குத்து, எந்த மேட்டின் உச்சியில் இளைப்பாற நிழலுண்டு என்பனவற்றைப் படம் வரைந்து காட்டும் கையேடுகளும் அவர்களிடம் உள. எங்கள் தீவகத்துக்கு அத்தகைய கையேடு ஒன்று எழுதப் புகுவோன் முதலடியிலேயே திகைத்து நிற்பான். இங்கே மலை இல்லை, ஆறு இல்லை. காடு என்பதும் புங்குடுதீவிலே பெருங்காடு என்னும் ஊர்ப் பெயரில் நிற்கிறதேயன்றி நிலத்தில் நிற்கவில்லை. பனையும், உப்புநீர்ப் பரவையும், அவற்றின் மேலே பரந்து கவிந்த வானமுமே எங்கள் நாடு.

ஆயினும் இங்கே துவிச்சக்கர வண்டியில் ஒருநாளேனும் போய்வந்தவர் ஏற்றம் இல்லையென்று சொல்லமாட்டார். தீவகத்தின் மலை காற்று. நிலத்திலே நிலைபெற்ற மலையை இன்ன இடத்தில் இன்ன உயரம் என்று அளந்து எழுதிவிடலாம். இந்த மலையோ திங்களுக்கொரு திசையில் எழும். காலையிற் சிறுத்து நண்பகலிற் பெருக்கும். போகும்போது உந்தித் தள்ளிய அதே காற்று, வரும்போது மார்பில் கைவைத்து நிறுத்தும். ஆகையால் எங்கள் வழிகளைக் கிலோமீற்றரால் மட்டும் அளந்தாற் போதாது.

இந்த வண்டியின் பெயரைப் பற்றி ஒரு சொல். அரசாங்கத் தாள்களில் அது துவிச்சக்கர வண்டி, தமிழகத்தார்க்கு மிதிவண்டி, தனித்தமிழ் விரும்புவோர்க்கு ஈருருளி, ஊராருக்குச் சைக்கிள். பெயர் எதுவாயினும் ஆகுக, வினைச்சொல்லில்தான் யாழ்ப்பாணத்தார் தம் தமிழ்ச் செல்வத்தைக் காத்திருக்கின்றனர். பிறர் சைக்கிளை ஓட்டுவர், மிதிப்பர், எம்மவர் உழக்குவர். உழக்குதல் பழஞ்சொல், களத்தைக் கால்களால் மிதித்துக் கலக்குதலை உணர்த்துவது. பண்ணைத் தாம்போதியிலே சோளகக் காற்றுக்கு எதிர்முகமாக ஒருகால் சென்று பார்த்தவர், அவ்விடத்தில் 'ஓட்டுதல்' என்னும் சொல் எவ்வளவு பொய் என்பதை உணர்வர்.

காற்றுக்களின் பெயரையும் கூறிவிட்டால் வழியைத் தொடங்கலாம். கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல், வடக்கே வாடை என நான்கு காற்றுக்களை நூல்கள் கூறும். அவற்றை மாணவர்க்குக் கற்பித்தே எனக்கு முடி நரைத்தது. கரையில் வாழ்வோர் வாடையையும் கொண்டலையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேல்காற்றைக் கச்சான் என்பர். தென்மேற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்பர். சோழகம் என்று எழுதுவாரும் உண்டு. வைகாசிக்குப் பின் புரட்டாதி வரையிலே சோளகத்தின் ஆட்சி. மாரி பிறந்தபின் வாடை. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குச் செல்லும் பெருவழியோ மேற்கும் தென்மேற்குமாகச் செல்வது. எனவே சோளகக் காலத்தில் போவது பாடு, திரும்புவது விளையாட்டு. வாடைக் காலத்தில் போவது விளையாட்டு, திரும்புவது பாடு. மாலை நேரத்துக்கு வலிமையைச் சேமித்து வைக்கவேண்டியது வாடைக் காலத்தில். புதியோர் பலர் இதனை அறியாது, குறிகட்டுவான் வரை பறந்து சென்று, மீளுகையில் வேலணைச் சந்தியிலே பேருந்தை எதிர்பார்த்து நிற்றலைக் காணலாம்.

தட்டை நிலத்தையும் கடற்காற்றையும் ஒருங்கே பெற்ற மற்றொரு நாடு ஒல்லாந்து. அந்நாட்டார் துவிச்சக்கர வண்டியையே தம் கால்களாகக் கொண்டவர்கள். வியப்பென்னவெனில், யாழ்ப்பாணத்தை 1658 ஆம் ஆண்டிற் கைப்பற்றிய அவர்களே எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயரைச் சூட்டியவர்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். முன்னைய நான்கும் ஏட்டோடு ஒழிந்தன. ஈற்றது ஒன்றே இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. அந்த மூல மிடில்பேர்க் நகரம் சீலாந்து என்னும் மாகாணத்தின் தலைநகர். அம்மாகாணத்துக் கடலணை ஒன்றின்மீது 2013 ஆம் ஆண்டு தொடக்கம் எதிர்காற்றுப் போட்டி ஒன்று நடைபெற்று வருகிறது. புயற்காற்று வீசும் நாளைப் பார்த்திருந்து, சில நாள் முன்னதாகவே அறிவித்து, பல்சக்கர மாற்றுக் கருவியில்லாத சாதாரண வண்டிகளில், காற்றை எதிர்த்து 8.5 கிலோமீற்றர் உழக்குவர். முந்தியவருக்குப் பரிசு. எங்கள் மிடில்பேர்க்கிலே பள்ளிப் பிள்ளைகள் அதே போட்டியை ஆண்டுதோறும் நூறு நாளுக்குமேல் நடத்துகின்றனர், பரிசுதான் இல்லை.

இனி வழி. யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பின்னே விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இருமருங்கும் ஆழமற்ற பரவைக் கடல். இடுப்பளவு நீரில் நின்று வலைவீசுவோரையும், கால்நெடிய நாரைகளையும், பருவத்தில் வந்துபோகும் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். விரைந்து செல்லும் மோட்டார் வண்டிக்காரருக்கு இவை கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் படங்கள். காற்றை எதிர்த்து ஊர்ந்து செல்பவனுக்கோ ஒவ்வொரு பறவையையும் எண்ணிக்கொண்டு செல்ல நேரம் உண்டு. மண்டைதீவுச் சந்தியைக் கடந்ததும் அல்லைப்பிட்டி. 1977 ஆம் ஆண்டில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் சீன நாட்டுச் சொங் அரசர் காலத்து மட்கலங்களின் உடைசல்களை இங்கே கண்டார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்து வணிகப் பண்டம் வந்திறங்கிய கரை இது என்பதை, வீதியோரத்துப் பனைகளைப் பார்த்தால் எவரும் உய்த்தறிய முடியாது.

அடுத்தது மண்கும்பான். பிட்டி என்பது சற்றே உயர்ந்த நிலம். கும்பான் என்பது மண் குவிந்த இடம். மலையற்ற நாட்டில் மக்கள் ஒரு முழ உயரத்துக்கும் பெயர் வைத்து மதித்தனர். அம்மதிப்புக்குக் காரணம் உண்டு. மணல்மேடு மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும். அவ்வாறு தங்கிய நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு கண்ணாடிவில்லை போல மிதக்கும். மேட்டின் மணலை அள்ளினால் அந்த வில்லை மெலியும், உவர்நீர் மேலெழும். இப்பகுதிகளில் மணல் அகழப்பட்டு வண்டி வண்டியாகச் சென்ற கதையை ஊரார் கவலையோடு சொல்வர். கும்பான் போனபின் பெயர் மட்டும் எதைக் குறித்து நிற்கும்? வேலணைக்குத் தெற்கே சாட்டிக் கரையில் நல்ல நீர் உண்டு; சிந்தாத்திரை மாதா கோயிலும் அங்கேதான். நெடுவழி செல்வோர் தம் போத்தல்களை நிரப்பிக்கொள்ள வேண்டிய இடம் அது. அப்பால் நீரின் சுவை மாறும்.

வேலணையில் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று ஊர்காவற்றுறைக்கு, மற்றது புங்குடுதீவுக்கு. இரண்டாவதைத் தெரிந்தால் மீண்டும் ஒரு தாம்போதி. வாணர் பாலம் என்றும் வாணர் தாம்போதி என்றும் அதனை வழங்குவர். இரு தீவுகளுக்கும் இடையே கடலை நிரவி அமைத்த அவ்வழியில் ஒதுங்குவதற்கு ஒரு மரமுமில்லை. சோளகத்தின் முழு வலிமையும் அங்கேதான். முன்னொரு வைகாசியில், வேலணைப் பக்கத்து முனையிலே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். "இப்ப வாய் துறக்கேல்லை, மாஸ்டர். பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிட்டியளெண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவியள்" என்றார். கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. நீரின்மேல் ஓடிய சிற்றலையைப் பார்த்தார்.

அத்தாம்போதியில் நான் கண்டு மகிழ்ந்த காட்சி ஒன்று உண்டு. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் ஆறேழு பேர் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வருவர். முன்னே பெரிய பையன். அவன் முதுகின் மறைவிலே மற்றவர். எல்லார்க்கும் பின்னே மிகச் சிறியவர். முன்னவன் களைத்ததும் ஓரத்தே ஒதுங்கிக் கடைசிக்குச் செல்வான். அடுத்தவன் காற்றை ஏற்பான். பிரான்சு நாட்டுப் பெரும்பந்தய வீரர்கள் பயிற்சியாளரிடம் கற்றுப் பயன்படுத்தும் உத்தி இதுவே. எங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தது காற்று. அவர்களுட் பலருக்கு வண்டி அளவிற் பெரிது. தமையனுக்கோ தந்தைக்கோ வாங்கியது. பாரின் மேலே ஏறியிருக்க எட்டாமல், நின்றபடியே உழக்குவர்.

இவ்வழியின் தூரம் ஒரு குழந்தையின் கல்வியை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றது என்பதைக் கையேடு எழுதுவோர் அறியார். ஊர்ப் பள்ளியில் மாணவர் தொகை குறையக் குறைய, உயர்வகுப்புக்கான ஆசிரியர் கிடைத்தல் அரிதாகும். பிள்ளை அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும். இரண்டு மூன்று கிலோமீற்றர் ஏழெட்டாகும். வாடையில் மழையும் சேரும். பெண்பிள்ளைகள் தனித்துச் செல்லுதற்கு அஞ்சத்தக்க பாழ்வீடுகள் வழியின் இருபுறமும். விளைவு என்னவென்றால், இயன்ற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடெடுத்துப் போய்விடுகின்றன. பள்ளியில் இன்னும் சிலர் குறைகின்றனர்.

பாழ்வீடுகள் என்றேன். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போரினால் தீவகத்தார் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். பின்னர் மெல்ல மெல்லத் திரும்பினர். திரும்பாதோர் மிகப் பலர். புங்குடுதீவார் இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் ஊர்ச்சங்கம் வைத்து வாழ்கின்றனர். அவர்தம் பெருவீடுகளின் முற்றத்திலே ஆலும் வேம்பும் கூரையைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஒருகாலத்தில் கொழும்பு முதலிய நகரங்களிற் கடை நடத்திய வணிகர் கட்டிய வீடுகள் அவை. தூண்களிலே சுண்ணச்சாந்தின் மெருகு இன்னும் போகவில்லை. அவ்வூர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் தம் தொகுதி ஒன்றுக்குக் 'காற்றுவெளிக் கிராமம்' என்று பெயரிட்டார். அப்பெயரின் பொருள் அச்சுப் புத்தகத்தை விட அவ்வீதியிலே தெளிவாக விளங்குகிறது. மனிதர் நீங்கிய ஊரில் எஞ்சிக் குடியிருப்பது காற்று ஒன்றே.

மடத்துவெளி, ஊரதீவு, வல்லன், இறுப்பிட்டி, பெருங்காடு என ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து வரும். இவற்றுட் பெயர்ப்பலகை பெற்றவை சில. ஒழுங்கைகளுக்கும் வயல்களுக்கும் கேணிகளுக்கும் துரவுகளுக்கும் உரிய பெயர்களோ பலகை ஏறாதவை; நாவில் மட்டும் வாழ்பவை. வண்டியை நிறுத்தி, "அப்பு, இந்த ஒழுங்கைக்கு என்ன பேர்?" என்று கேட்டால், சொல்லத் தெரிந்த முதியவர் ஊருக்கு நாலைந்து பேரே உளர். கேட்க ஓர் இளைஞன் வேண்டும். நிறுத்தத்தக்க வேகத்தில் அவன் செல்லவேண்டும். மோட்டார் சைக்கிளிற் செல்பவன் நிறுத்துவதில்லை. வெளிநாட்டுப் பயணிகள் வாடகை வண்டிகளில் வந்து, ஒல்லாந்தர் சூட்டிய பெயர்களைப் புத்தகத்தில் வாசித்துக்கொண்டு செல்கின்றனர். ஈழத்துத் தமிழிலக்கியத் தேர்வுக்குப் படிக்கும் எம் மாணவர், பெருங்காடு என்னும் பெயரைக் கேட்டதும் ஏன் அங்கே காடு இருந்தது, எவர் அழித்தனர் என்று வினவுவதில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு தீவாக, மாணவர் குழுக்கள் வண்டியிற் சென்று ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் திரட்டினால் என்ன? இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் நல்ல இரண்டு ரயரும் போதும்.

புங்குடுதீவைக் கடக்குமுன் கிணறுகளைப் பற்றியும் கூறவேண்டும். நன்னீர் அரிதாகிய ஊரிலே கிணறு என்பது வெறுங் கிணறன்று, ஆட்சி. யார் அள்ளலாம், யார் கைகட்டி நின்று பிறர் வார்க்கப் பெறவேண்டும் என்பதைச் சாதி வகுத்திருந்தது. 'போர்ப்பறை'யும் 'மெய்யுளு'ம் எழுதிய மு. தளையசிங்கம், 1971 ஆம் ஆண்டில், கண்ணகை அம்மன் கோயிற் பக்கத்து நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்டோரும் அள்ளவேண்டும் என்று அறப்போர் தொடுத்தார். அதற்காகத் தாக்கவும் பட்டார். 1973 ஆம் ஆண்டில், நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். அவருடைய மெய்யியலை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். நான் அவருடைய நடையின் வேகத்தை முழுதும் உடன்படுபவன் அல்லேன். ஆயினும் ஆவணி வெயிலில் இவ்வழியே வந்து, நாவரண்டு, ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்கும் எவர்க்கும் அப்போரின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் குறிகட்டுவான் இறங்குதுறை. தரைவழி அங்கே முடிகிறது. நயினாதீவு கண்ணெதிரே தோன்றும். படகில் ஏறினால் கால்மணிப் பொழுது. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அண்மையண்மையாக உள்ள அச்சிறு தீவில் வண்டிக்கு அதிக வேலையில்லை, நடந்தே சுற்றலாம். மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இதுவே என்பாரும், அன்று என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தில் இறங்கினால் படகு போய்விடும். தமிழாசிரியர்கள் தவறாது நினைக்கவேண்டியது அங்குள்ள கல்வெட்டை. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னன் தமிழிலே பொறிப்பித்த ஆணை அது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேரவேண்டும், அவர்களைக் காத்தல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, முக்காற் பங்கு உடையவனுக்கு. பிற வணிகப் பண்டம் ஏற்றியது உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை கொணர்வோனுக்குக் காட்டிய சலுகையிலிருந்து அரசனின் தேவை விளங்குகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை 1963 ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்.

அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. வேலணைச் சந்தியில் நாம் விட்டுச்சென்ற மற்ற வழி அங்கே செல்கிறது. நாரந்தனையையும் கரம்பனையும் கடந்து செல்லும் அவ்வழியில் தாம்போதித் துன்பம் இல்லை. பனைவேலிகளும் கோயில்களும் தேவாலயங்களும் ஒருவாறு காற்றை மறைக்கும். முதியோர்க்கும் புதியோர்க்கும் உகந்த வழி என்று நான் பரிந்துரைப்பது இதனையே. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 இல் தோன்றுவதற்கும், அதன் முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரிற் கூடுவதற்கும் முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகள் 1913 ஆம் ஆண்டிற் பிறந்தது கரம்பனில், தந்தைவழியோ நெடுந்தீவு. உலகெங்கும் தமிழைக் கொண்டு சென்ற கால்கள் முதலில் நடந்து பழகிய மணல் இது.

யானைகளை ஏற்றிய துறையாதலின் போர்த்துக்கேயர் இதனை யானைத் துறை என்னும் பொருள்பட அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் அவர்களின் 'காயிஸ்' என்னும் சொல்லே திரிந்து, ஆங்கிலத்திற் 'கயிற்ஸ்' என நிற்கிறது. கரைக்கு எதிரே கடல்நடுவில் ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் கைப்பற்றி, இலங்கையைப் பன்றித் தொடை இறைச்சியாக உருவகித்து, இக்கோட்டையை அதன் குதிகால் என்றனர். உருவகம் அழகன்று, தமிழ்ப் புலவன் ஒருவன் இருந்திருப்பின் வேறொன்று சொல்லியிருப்பான்.

அங்கே காரைநகருக்குக் கடக்கவேண்டிய நீர் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. கடத்துவது ஒரு மிதவை. அதற்கு எம்மவர் இட்ட பெயர் பாதை! நிலத்தின்மேல் கிடப்பது பாதை என்று அகராதி சொல்ல, இங்கே பாதை நீரின்மேல் மிதந்து, வந்து, போகிறது. "பாதை இண்டைக்கு ஓடுதோ?" என்பது ஊர்காவற்றுறையில் அன்றாடம் கேட்கும் வினா. பழுதானால் பாதை ஓடாது. அவ்வாறான நாட்களில் எதிர்க்கரையிலே கண்ணுக்குத் தெரியும் ஊருக்குச் செல்ல, வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டை, பொன்னாலை எனத் தீவகத்தையும் வலிகாமத்தையும் சுற்றிவர வேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். உல்லாசமாகச் செல்வோர்க்கு இச்சுற்று ஒருநாட் பயணத்துக்கு மிகச் சிறந்தது: காரைநகரிலே ஈழத்துச் சிதம்பரம் என்னும் சிவன் கோயிலைக் கண்டு, கசூரினாக் கரையிற் குளித்து, பொன்னாலைத் தாம்போதி வழியே மாலையில் மீளலாம். மருத்துவமனைக்கு ஒருவரை அழைத்துச் செல்வோர்க்கோ அதே வழி வேறு வழி.

வண்டி வேண்டாதார் கையிலும் வண்டியைத் திணித்த காலம் இருமுறை வந்தது. 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்டபோது, விறகும் நெல்லும் நோயாளரும் அதன் கரியரிலேயே சென்றனர். இரவிலே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பார். சுழற்றியவருக்குப் பின்னர் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருள் அற்றபோது, துருப்பிடித்துக் கிடந்தவை மீண்டும் எண்ணெய் கண்டன. இரண்டு முறையும் எரிபொருள் வந்த மறுகணமே அவை மூலைக்குத் திரும்பின.

நெடுந்தீவு தனி உலகு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வண்டியையும் படகின் மேலே ஏற்றிக் கட்டித் தருவர். இக்கடல்வழியின் பெயரைச் சொன்னால் தீவார் நெஞ்சில் முதலில் எழுவது 'குமுதினி'. 1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த அப்படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தையும் உட்படப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றனர். ஆண்டுதோறும் அந்நாளில் நினைவு கூருகின்றனர். மாவிலித்துறையில் இறங்குவோர் அதனை அறிந்து இறங்குதல் முறை.

அத்தீவின் வீதிகளைக் காட்டிலும் வேலிகள் என்னைக் கவர்ந்தன. பவளப்பாறைக் கற்களைச் சாந்து சிறிதுமின்றி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வேலிகள் காணியைச் சூழ்ந்து கிடக்கின்றன. காற்று அவற்றின் இடுக்குகளிலே நுழைந்து செல்லும். ஆதலின் வேலி சாய்வதில்லை. மதில் கட்டியிருந்தால் சோளகம் தள்ளியிருக்கும். ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், புறாக்கூடும், பருத்த பெருக்கமரமும் மாவிலித்துறையிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறி வந்த மீகாமனை எதிர்த்துப் பொருத வெடியரசனின் கோட்டை என ஊரார் காட்டும் கற்குவியலும் உண்டு. சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அக்கதையையும் உடன் கூறுதல் நன்று. இளங்கோவடிகள் அறியாத ஒரு கிளைக்கதையைத் தீவார் தம் கடலுக்கேற்பச் சமைத்துக்கொண்டனர்.

தென்மேற்கு வெளிக்குச் சென்றால் குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலர் ஆகியோர் வளர்த்தவற்றின் வழிவந்து, கடிவாளம் அறியாமல் காட்டு வாழ்வு வாழ்பவை. உருவிற் சிறியவை, கபிலமும் கருமையும் கலந்தவை. வறட்சி முற்றிய ஆண்டுகளில் குட்டைகள் வற்றிக் குதிரைகள் இறந்த செய்திகள் வந்தன. நெய்தல் நிலத்துத் தலைவனின் தேர்ச்சக்கரம் ஈரமணலில் நண்டை நெரிக்காது செல்லவேண்டும் என்று பழம்பாடல்களிலே படிக்கும்போதெல்லாம், தேரை விட்டு ஓடிவந்த குதிரைகள் இவையோ என்று எனக்குத் தோன்றும். வண்டியின் ஓசை அவற்றை வெருட்டுவதில்லை; மோட்டார் சைக்கிளின் ஓசை வெருட்டும். ஐம்பது முழத்துக்கு அப்பால் வண்டியைக் கிடத்திவிட்டு இருந்தால் நெடுநேரம் பார்க்கலாம்.

அங்கே செல்வோர் கவனிக்கவேண்டியவை சில. வீதியின் பல பகுதிகளிலே கல் எழும்பிக் கிடக்கிறது. ஒடுங்கிய ரயர் தாங்காது. உடைமுள் எங்கும் உண்டு. ஒட்டுப் போடும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் கையில் இருத்தல் வேண்டும். நண்பகலில் நிழல் அரிது. குடிநீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு செல்லுதல் நன்று. அங்குள்ளோர் கேட்டால் மறுக்கமாட்டார்கள், ஆனால் அவர்களுக்கே அது எண்ணி வைக்கும் பொருள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனே துறையில் உள்ளாரிடம் கேட்டறிக. சோளகம் முற்றிய நாளிற் படகு புறப்படாமலும் போகும். அன்றைக்குத் தங்க நேர்ந்தால், எந்த வீட்டுப் படலையிலும் வண்டியைச் சாத்தலாம்.